கட்டியவரே அவிழ்க்க வேண்டும்

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் பணிவுடன் எழுதிக்கொள்வது. நான் நலம். நீங்களும் அக்காவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் முழங்கால் வலியை விசாரிக்காமல் காரியத்துக்குள் இறங்குவது முறையாகாது, ஆகையால் விசாரித்துவிட்டேன். உங்கள் தங்கையின் நலம் பற்றி எழுத வேண்டிய வரியை மட்டும் எழுதாமல் விட்டிருக்கிறேன். அது ஒரு வரியில் அடங்காது.

போனில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். எங்கள் வீட்டில் இருப்பது இரண்டே அறை. உங்கள் தங்கையின் காதோ முப்பத்தோரு வருடம் சத்தமே இல்லாத வரைபட அறையில் தீட்டப்பட்ட காது. போன வாரம் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு உங்களைக் கூப்பிட்டேன். "தண்ணிய மூடிட்டுப் பேசுங்க, எனக்குச் சரியா கேக்கல" என்று வெளியிலிருந்து குரல் வந்தது. அதனால்தான் நீங்கள் இரண்டு தடவை ஹலோ சொன்னதும் நான் வைத்துவிட்டேன். மன்னிக்கவும்.

விஷயம் இதுதான். ஐந்து மாதத்துக்கு முன்னால் இதய டாக்டர் எங்கள் இருவரையும் எதிரே உட்காரவைத்து, உங்கள் தங்கையின் இதயத் தசை தளர்ந்துவிட்டது என்றார். நான் கொதிகலன் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் என்று தெரிந்ததும், எனக்குப் புரியட்டும் என்று, "பம்ப் வீக்காயிடுச்சு சார், அவ்வளவுதான்" என்றார். பம்ப் என்றதும் எனக்கும் பேச்சு வந்துவிட்டது. ஸ்பேர் பம்ப் கிடையாதா, பிரஷரைக் குறைத்து ஓட்டலாமா, அடுத்த ஆய்வு எப்போது என்று வரிசையாகக் கேட்டேன். அந்த மனுஷரும் பொறுமையாகப் பதில் சொன்னார். கடைசியில், இன்னும் எவ்வளவு நாள் ஓடும் என்று கேட்டேன். அப்படிக் கேட்டிருக்கக் கூடாது என்பது கேட்ட பிறகுதான் உறைத்தது. கவனமாக இருந்தால் இரண்டு வருடம் என்றார். பஸ்ஸில் திரும்பும்போது நான் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தேன். மூன்றாவது நிறுத்தம் தாண்டியதும் உங்கள் தங்கை, "ஒரு போட் வாங்கலாங்க" என்றாள். வெங்காயம் வாங்கலாம் என்பாளே, அதே குரல்.

அவள் பார்த்த வேலையை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் விளக்குகிறேன், ஏனென்றால் என் கோபம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. துறைமுக அலுவலகத்துக்கு வாரம் ஒரு தாள் வரும். இந்த இடத்தில் ஆழம் குறைந்துவிட்டது, அந்த இடத்தில் கப்பல் மூழ்கிக் கிடக்கிறது, இன்ன விளக்கு அணைந்துவிட்டது என்று அதில் இருக்கும். இவள் கடல் வரைபடத்தில் பழைய தகவலை ஒரே கோட்டில் அடித்து, புதியதைச் சிவப்பு மையில் பொடியாக எழுதி, ஓரத்தில் தேதி போடுவாள். பழையதைச் சுரண்டி அழிக்கக் கூடாது, அடித்தது கண்ணுக்குத் தெரிய வேண்டும், அது அவர்கள் விதி. இப்படி முப்பத்தோரு வருடம். அதில் நடுக்கடலில் ஒரு தீவு. ஆள் கிடையாது, தண்ணீர் கிடையாது, ஒரு விளக்கு மட்டும். அந்த விளக்கு அணைந்துவிட்டது என்று ஒன்பது தடவையும், எரிகிறது என்று ஒன்பது தடவையும் எழுதியிருக்கிறாள். இப்போது அதைப் போய்ப் பார்க்க வேண்டுமாம். "யாரோ சொன்னத வெச்சே இத்தன வருஷம் எழுதினேங்க. ஒரு தடவ நானே பாத்துட்டு எழுதணும்" என்கிறாள். பயணிகள் கப்பல் எதுவும் அந்தத் திசைக்கே போவதில்லை. சரக்குக் கப்பலில் அதிகாரியாக இருந்த காலத்தில் நீங்கள் இரண்டு முறை அதைத் தாண்டிப் போனீர்கள், இரண்டு முறையும் கவனிக்கவில்லை என்று ஒரு சாப்பாட்டு மேஜையில் சொன்னீர்களே, அன்று அவள் உங்களைப் பார்த்த பார்வை எனக்கு நினைவிருக்கிறது. சின்ன வயதில் அவளைத் துறைமுகச் சுவரில் உட்காரவைத்துக் கப்பல் காட்டியவரும் நீங்கள்தான். ஆக, மூல காரணம் யார் என்று நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

எங்களுக்குப் படகோட்டத் தெரியாது என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. எட்டு வருடமாகச் சனிக்கிழமைதோறும் கிளப்பின் சின்னப் பாய்ப்படகில் வளைகுடாவைச் சுற்றியிருக்கிறோம். அவள் சுக்கான் பிடிப்பாள். நான் கயிறு பிடிப்பேன், பிறகு ஓரமாகக் குனிந்து வாந்தி எடுப்பேன். மூன்றாவது ஆளாக நீங்கள் வருவீர்கள் என்றும் முடிவாகியிருக்கிறது. உங்களைக் கேட்கவில்லை என்று நான் எடுத்துச் சொன்னேன். "அண்ணன எதுக்குக் கேக்கணும்" என்றாள்.

படகைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நானும் மறுக்கவில்லை. முப்பத்துமூன்று வருடம் கொதிகலன்களைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தே சோறு தின்றவன். நல்ல தகடு மணிபோல் கணீர் என்னும். கெட்ட தகடு சளி பிடித்தவன்போல் டப்பென்னும். கெட்டதென்றால் ஒரு சிவப்புச் சீட்டைக் கம்பியால் கட்டிவிடுவேன். 'இதை இயக்கக் கூடாது. கட்டியவரைத் தவிர வேறு யாரும் இதை அவிழ்க்கக் கூடாது' என்று அதில் அச்சடித்திருக்கும். முதலாளியே வந்தாலும், மந்திரியே வந்தாலும், கட்டியவரேதான் வந்து அவிழ்க்க வேண்டும். ஓய்வு பெற்ற அன்று மேஜையைக் காலி செய்தபோது மிச்சமிருந்த ஒரு கட்டுச் சீட்டு, எப்படியோ, என் பையோடு வந்துவிட்டது. எப்படியோ என்ற சொல்லை நீங்கள் அடிக்கோடிட வேண்டாம்.

முதல் படகு பல் டாக்டருடையது. முப்பத்துநாலு அடி, கனமான பழைய ஃபைபர் படகு, முன்னும் பின்னும் ஒரே மாதிரி கூர். அடியில் இறங்கியிருக்கும் ஏராக் கட்டை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் முழுநீளத்துக்கு ஓடுகிறது, சுக்கான் அதன் வாலிலேயே பத்திரமாக மாட்டியிருக்கிறது. நடுக்கடலுக்கு இதைவிட நிதானமான பிறவி கிடையாது. சுக்கானைக் கட்டிவிட்டுத் தூங்கப்போனாலும் நேராகப் போகும், அலையில் தொட்டில்போல் ஆடும், வெடுக்கென்று குலுக்காது. ஆனால் நேராக மட்டும்தான் போகும். பின்னால் எடுத்தால் எந்தப் பக்கம் போகும் என்பது அதற்கே தெரியாது. வெள்ளோட்டத்தில் பின்னால் எடுத்தபோது மீன்பிடிப் படகு ஒன்றின் சமையலறைக்குள் பின்மூக்கை நுழைத்தது, அங்கே ஒரு ஆள் தட்டோடு எழுந்து நின்றார். அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தீவுக்குப் போக மட்டும் இருபத்தாறு நாள் ஆகுமாம். இரண்டு வருடமே உள்ள ஒருத்திக்கு இருபத்தாறு நாள் கொடுத்து ஒரு விளக்கைக் காட்ட வேண்டுமா என்று யோசித்தபடியே தளத்தைத் தட்டிக்கொண்டு போனேன். முதல் எட்டு தட்டு கணீர், ஒன்பதாவது தட்டு டப். டாக்டர், "நானும் பல்ல இப்படித்தான் சார் தட்டிப் பாப்பேன்" என்று சிரித்தார். நான் சிரிக்காமல் அங்கே காலை வைத்துக் காட்டினேன், கால் கணுக்கால் வரை இறங்கியது. ஃபைபர் தளத்தின் மேல்தோலுக்கும் அடித்தோலுக்கும் நடுவே இருந்த மரம் மக்கியிருக்கிறது. சீட்டைக் கட்டிவிட்டு வந்தேன். மறுநாள் டாக்டர் படகில் ஏறப்போனால் துறைமுகக் காவலாளி விடவில்லை. சீட்டில் போட்டிருப்பதைப் படித்துக்காட்டி, "கட்டினவரு வரட்டும் சார்" என்று அவரைக் கரையிலேயே நிறுத்திவிட்டார். மூன்று மணி நேரம். உலகத்தில் இன்னும் விதிப்படி நடக்கிற ஒரு ஆள் இருக்கிறார் என்று எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்தான். உங்கள் தங்கை இனி அந்த டாக்டரிடம் பல் காட்ட முடியாது.

இரண்டாவது புத்தம் புதியது. முப்பத்தெட்டு அடி, லேசான உடல், வெளிச்சம், குளிர்சாதனப் பெட்டி, கல்யாண மண்டபம் மாதிரி ஒரு படுக்கை. பதினாறு நாளில் போய்விடும். எனக்கே ஆசை வந்தது. இதில் ஏராக் கட்டை முழுநீளம் கிடையாது, மீனின் செதில்போல் நடுவில் ஒரு துண்டு, அதை ஒன்பது போல்ட்டில் தொங்கவிட்டிருக்கிறார்கள். சுக்கானும் தனியாக, துணை இல்லாமல், பின்னால் தொங்குகிறது. அதனால்தான் வேகம், அதனால்தான் சொன்ன பக்கம் திரும்புகிறது. மிதக்கிற பெரிய மரக்கட்டை ஒன்று வந்து அந்தச் சுக்கானில் இடித்தால் என்ன ஆகும் என்று விற்பனைப் பையனிடம் கேட்டேன் (பையன் என்கிறேன், நாற்பது வயது இருக்கும்). இடிக்காது சார் என்றார். போல்ட்டையாவது காட்டுங்கள் என்றேன். "அது உள்ள போயிடுச்சு சார், பாக்க முடியாது. ஆனா இருக்கு" என்றார். பார்க்க முடியாத போல்ட்டை நம்பி உங்கள் தங்கையைப் படுக்கவைக்கச் சொல்கிறாரா என்று கேட்டேன். இதுவரைக்கும் யாரும் அப்படிக் கேட்டதில்லை என்றார். நாங்கள் இப்படி வாதாடிக்கொண்டிருக்கும்போது உங்கள் தங்கை அந்த மண்டபப் படுக்கையிலிருந்து கழிப்பறைக்கு நடந்து பார்த்து, காலடி எண்ணிக்கொண்டிருந்தாள். நீர் மாத்திரை சாப்பிடுவதால் ஒரு நாளைக்குப் பதினைந்து தடவை போக வேண்டியிருக்கிறது. "ஏழு அடி, நடுவுல பிடிச்சுக்க ஒண்ணுமே இல்ல" என்றாள். இருவரும் வேறு வேறு கணக்கில் ஒரே முடிவுக்கு வந்தோம். அதற்கும் சீட்டுக் கட்டினேன். அடுத்து பார்க்க வந்த குடும்பம் சீட்டைப் படித்துவிட்டு அப்படியே திரும்பிப் போய்விட்டதாம். விற்பனையாளர் வீட்டு வாசலில் வந்து நின்று கத்தினார். உங்கள் தங்கை அவருக்குத் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்து, போல்ட் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை இறுக்க வேண்டும் என்று விசாரித்தாள்.

இப்படிப் பதினொரு படகு பார்த்தேன். எல்லாவற்றையும் எழுதினால் தபால்காரர் சுமக்க மாட்டார். பன்னிரண்டாவதுதான் வினையாகிவிட்டது. அது இரும்புப் படகு. ஒரு வெல்டர் தன் பட்டறைக்குப் பின்னால் பதினான்கு வருடம் கட்டியது. முப்பத்தாறு அடி, இரண்டு பாய்மரம், ஏரா பாதி நீளம், சுக்கானுக்கு முன்னால் இரும்புக் காப்பு. பாறையில் மோதினால் மற்ற படகு உடையும், இது நசுங்கும், அவ்வளவுதான். வேகமும் இடைப்பட்டது, இருபது நாள். கழிப்பறைக்கு நான்கு அடி, வழி முழுக்கக் கைப்பிடி. வெல்டர் அதைக் கட்டி முடித்துத் தண்ணீரில் இறக்கி, அலைதடுப்புச் சுவர் வரைக்கும் ஒரே ஒரு தடவை போய்த் திரும்பினார், அடுத்த வாரம் காலமாகிவிட்டார். இப்போது அவர் மனைவிதான் ஆட்களைக் கூட்டிப்போய்க் காட்டுகிறார். "அவரு எல்லாம் முடியட்டும் முடியட்டும்னே இருந்துட்டாரு" என்றார் அந்த அம்மா. நான் அந்தப் பேச்சைக் காதில் வாங்காமல் வெல்டிங்கைப் பார்த்தேன். மச்சான், முப்பத்துமூன்று வருடத்தில் அப்படி ஒரு வேலையை நான் நாலு தடவைகூடப் பார்த்ததில்லை. ஒவ்வொரு தையலும் ஒரே அளவு. எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அந்தக் கலங்கிய கண்ணோடு கழிப்பறைக்கு அடியில், ஈரம் தேங்குகிற மூலையில், தலையை விட்டுத் தட்டினேன்.

சுத்தியல் உள்ளே போய்விட்டது.

அதன் கூர்மூக்கு தகட்டைத் துளைத்துக்கொண்டு கடலுக்குள் போய்விட்டது என்கிறேன். படகு தண்ணீரில் மிதந்துகொண்டிருக்கிறது என்பதை அந்த நிமிடம்தான் நினைத்துப் பார்த்தேன். கொதிகலனைக் காலிசெய்துவிட்டுத்தான் தட்டுவது என் வழக்கம், இங்கே தண்ணீர் வெளிப்பக்கம் இருக்கும் என்று புத்திக்கு எட்டவில்லை. சுத்தியலை இழுத்ததும் கட்டைவிரல் பருமனுக்கு ஓட்டை, குழாய்போல் பீச்சுகிறது. கட்டைவிரலை வைத்து அடைத்தேன். அடைத்த பிறகு எழுந்திருக்க முடியவில்லை. தலை கழிப்பறைக்கு அடியில், கால் நடைவழியில், ஒரு அரசாங்க அதிகாரியாக இருந்தவன். வெல்டரின் மனைவி மேலே ஓடிப் போய்ப் பக்கத்துப் படகுக்காரரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். உங்கள் தங்கை சத்தம் போடவில்லை. என் பையைத் திறந்தாள், மிச்சமிருந்த சிவப்புச் சீட்டுகள் அத்தனையையும் சுருட்டினாள், தன் கழுத்துத் துணியை அதன்மேல் சுற்றினாள், "விரல எடுங்க" என்றாள், என் செருப்பைக் கழற்றி அதனாலேயே அடித்து இறுக்கினாள். நின்றுவிட்டது. முப்பத்துமூன்று வருடமாக நான் கட்டிய சீட்டுகளில் ஒரு விபத்தைக் கண்ணெதிரே தடுத்தது அந்தக் கட்டு ஒன்றுதான். நான் வெளியே ஊர்ந்து வந்தபோது அவள் தரையில் தண்ணீரில் உட்கார்ந்திருந்தாள். மூச்சு வாங்கியது, உதடு நீலமாக இருந்தது. நான் பயந்துபோய்த் தோளைப் பிடித்தேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்த பஸ் பயணத்துக்குப் பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். சிரித்து முடிக்கவே ஐந்து நிமிடம் ஆயிற்று, நடுநடுவே மூச்சுக்காக நிறுத்தினாள்.

"இதான் நம்ம போட்" என்றாள்.

ஓட்டைப் படகு என்றேன். "மத்த போட்டுல ஓட்ட எங்கன்னு தெரியாது. இதுல எங்கன்னு தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சதோட போயிடலாம்" என்றாள். தகட்டின் கனம், துருவின் வேகம், மற்ற மூலைகளின் நிலவரம் என்று நான் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். அதைப் படித்துவிட்டு, அந்த அம்மாவிடம் போய்ப் பேசி முடித்துவிட்டு வந்தாள். துரு பிடித்த தகட்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத்தகடு வைத்தாகிவிட்டது. வெல்டரிடம் வேலை கற்ற ஆள்தான் வைத்தார். தட்டிப் பார்த்தேன், கணீர் என்றது. அதை உங்கள் தங்கையிடம் நான் சொல்லவில்லை.

என் சட்டைப்பையில் தனியாக ஒரே ஒரு சீட்டு மிச்சம் இருந்தது. கடலுக்கென்று அவள் வாங்கிவந்த ரப்பர் காலணியில் அதைக் கட்டினேன். பாதம் வீங்குகிறதென்று ஒரு அளவு பெரிதாகப் பார்த்து வாங்கிய காலணி. அது சிறுபிள்ளைத்தனம் என்று எனக்குத் தெரியும். அவள் அதை அவிழ்ப்பாள், சண்டை போடுவாள், சண்டையில் நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அவள் அவிழ்க்கவில்லை. கட்டியவர்தான் அவிழ்க்க வேண்டும் என்று அதில் போட்டிருக்கிறதாம். காலணியைச் சீட்டோடு அப்படியே மாட்டிக்கொண்டு வீட்டுக்குள் நடந்து பழகுகிறாள். மூன்று வாரமாக எங்கள் வீட்டில் சமையலறைக்கும் படுக்கைக்கும் நடுவே அந்தச் சீட்டு தரையில் உரசுகிற சத்தம்தான் கேட்டுக்கொண்டிருக்கிறது.

ஆகவே மச்சான், கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். உங்கள் பேச்சை மட்டும்தான் அவள் கேட்பாள். நீங்கள் அவளுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். இரும்புப் படகு ஆகாது, ஃபைபர் ஆகாது, கனமானது மெதுவாகப் போகும், லேசானது உடையும், கடல் இப்போது முன்புபோல் இல்லை, உங்கள் முழங்கால் வளையாது, எது வேண்டுமானாலும் எழுதுங்கள். ஒரு வருடம் தள்ளிப்போட்டாலே போதும். டாக்டர் இரண்டு வருடம் சொல்லியிருக்கிறார், அவசரமே இல்லை. போன மாதப் பரிசோதனைக்கு அவள் தனியாகவே போய்வந்தாள், நான் அன்று பன்னிரண்டாவது படகுக்குச் சாவி வாங்கப் போயிருந்தேன். என்ன சொன்னார் என்று கேட்டதற்கு, "மாத்தமில்ல" என்றாள். ஆக, நேரம் இருக்கிறது. வீட்டில் மருந்து இருக்கிறது, பக்கத்தில் ஆஸ்பத்திரி இருக்கிறது, இருபது நாள் தூரத்தில் தண்ணீருக்கு நடுவே அவளுக்கு மூச்சு முட்டினால் நான் எங்கே போய் எதைத் தட்டிப் பார்ப்பேன்? எனக்குப் பயமாக இருக்கிறது, மச்சான். முப்பத்துமூன்று வருடத்தில் இந்தச் சொல்லை எந்த அறிக்கையிலும் நான் எழுதியதில்லை.

அக்காவுக்கு என் அன்பு. உங்கள் பிள்ளைகள் எல்லா நலமும் பெற்று நீடூழி வாழ வேண்டும். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கவும், ஆறின தண்ணீர் உதவாது. இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடவும்.

என்றும் தங்கள் நலம் நாடும்,
தங்கையின் கணவன்

பின்குறிப்பு: ஸ்டாம்ப் வாங்கக் கீழே கடைக்குப் போனேன். கடிதத்தை மேஜைமேலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறேன், அறுபத்தைந்து வயதில் இந்தப் புத்தி. திரும்பிவந்து பார்த்தால் அதே இடத்தில் அப்படியே இருந்தது. உள்ளே சிவப்பு மை. மேலே நீங்களே பார்த்திருப்பீர்கள். படுக்கையிலிருந்து கழிப்பறைக்கு நான்கு அடி என்று எழுதியிருந்தேன், அடித்துவிட்டு ஐந்து என்று போட்டிருக்கிறாள். படகுகளின் நீளத்துக்கும் போல்ட் எண்ணிக்கைக்கும் கை வைக்கவில்லை, அவை சரி போலிருக்கிறது. 'வாந்தி எடுப்பேன்' என்ற இடத்தையும் ஒப்புக்கொண்டுவிட்டாள். டாக்டர் சொன்ன 'இரண்டு வருடம்' எழுதிய இடங்கள் மூன்றிலும் ஒரே கோடு போட்டு அடித்து, மேலே பொடியாக 'ஏழு மாதம்' என்று எழுதி, ஓரத்தில் தேதி போட்டிருக்கிறாள். போன மாதத்துத் தேதி. பழையது அழியாமல் தெரிகிறது. இவள் அடுத்த அறையில் ஏதோ மடித்துக்கொண்டிருந்தாள், என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. தரையில் உட்கார்ந்து அவள் காலணியில் இருந்த சீட்டை அவிழ்த்தேன். கம்பியை நன்றாகத்தான் முறுக்கியிருக்கிறேன், கொஞ்ச நேரம் பிடித்தது. நீங்கள் அவளுக்கு எதுவும் எழுத வேண்டாம். பத்தாம் தேதிக்குள் வந்துவிடுங்கள். வரும்போது ஓட்டை அடைக்கிற மர ஆப்பு, கட்டைவிரல் பருமனில், கிடைக்கிற அளவுக்கு வாங்கிவரவும். சிவப்பு மைப்புட்டி ஒன்றும் வேண்டுமாம். விளக்கு எரிகிறதா இல்லையா என்று எழுத.